பேயை விடுங்கள், ஜாதகக் கட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரவு ஒன்பதரை மணிக்கு ஓடும் தொட்டிக்கட்டு வீட்டுப் பேய்த்தொடரின் குடும்ப ரகசியம் என்னவாக இருக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதிவரும் ஊகங்கள்தான் இப்போது கொங்குப் பக்கத்தில் திண்ணைக்குத் திண்ணை பேச்சு. இதுவரை வந்ததைச் சலித்தால் மூன்று மிஞ்சும். அட்டாலிப் (பரண்) பெட்டியில் கிடைத்த ஜாதகம் நாயகியுடையது, ஆகவே கிணற்றில் விழுந்து செத்தவளின் மறுபிறவி அவள் என்பது ஒன்று. செத்தவள் வீட்டுப் பெரியவரின் முதல் தாரம் என்பது இன்னொன்று. நாயகனும் நாயகியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்பது மூன்றாவது.

மூன்றும் பேய்க்கு என்ன வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே கிளம்புகின்றன. பேய் பேசுவதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த வீட்டில் எந்தச் சீருக்கு (சடங்குக்கு) யார் நின்றார்கள், எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் முதலிரண்டும் விழுந்துவிடும். மூன்றாவது வேறு உருவம் எடுக்கும். இந்தத் தொடருக்குக் கதை எழுதுபவர் கொங்கு நாட்டு முறை தெரிந்தவர் என்பது பல காட்சிகளில் தெரிகிறது. பார்ப்பவர்கள்தான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறார்கள்.

ஜாதகத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டி திறக்கும் காட்சியில் அந்தத் தாள் திரை முழுக்க நிற்கிறது. கைபேசியில் நிறுத்திப் பெரிதாக்கினால் ‘யுவ வருடம் மாசி மாதம்’ என்ற வரி தெளிவாகவே இருக்கிறது. உங்கள் வாசகர் இதை 1995 என்று எழுதிவிட்டார். யுவ வருடம் 1995 ஏப்ரலில் பிறந்து 1996 ஏப்ரலில் முடிந்தது. அதன் மாசி 1996 பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். தை, மாசி, பங்குனி ஜாதகங்களில் இந்த ஒரு வருடத் தப்பு சகஜம். அதைவிடப் பெரிய தப்பு, தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறந்தது. 1935–36-ம் யுவதான். வருடப் பெயரை மட்டும் வைத்துத் தாளை நாயகி கணக்கில் எழுதியது எப்படிச் சரியாகும்?

கட்டத்தில் எதைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். குருவையும் சனியையும் பார்த்துப் பயனில்லை. குரு ஏறத்தாழ 12 ஆண்டில் ஒரு சுற்று, சனி 30 ஆண்டுக்குச் சற்றுக் குறைவில் ஒரு சுற்று. அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்துப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஒரு ராசி முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். ராகு கேது அப்படியில்லை. பின்னோக்கி ஒரு சுற்று வர அவற்றுக்கு 18 ஆண்டு 7 மாதம் ஆகும். அறுபதில் மூன்று சுற்று முடித்து, நாலாவதில் கால் சுற்றை எட்டும் நிலையில் இருக்கும். 1996 மாசியில் ராகு கன்னியில், கேது மீனத்தில். 1936 மாசியில் ராகு தனுசில், கேது மிதுனத்தில். நம் பக்கத்துக் கட்டத்தில் இந்த நாலு ராசியும் நாலு மூலை: மேலே இடது மீனம், மேலே வலது மிதுனம், கீழே வலது கன்னி, கீழே இடது தனுசு. பொடி எழுத்து புரியாவிட்டாலும் ‘ரா’ எந்தக் கீழ்மூலையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். திரையில் அது இடது மூலையில் இருக்கிறது. 1936-ல் பிறந்தவளின் ஜாதகம் அது. மறுபிறவி ஊகம் அதோடு சரி.

கலைத்துறைக்காரர்கள் கைக்குக் கிடைத்த கட்டத்தைப் போட்டிருக்கக் கூடாதா என்றால், கூடும். பல தொடர்களில் அப்படித்தான் போடுகிறார்கள். அதற்கும் சோதனை உண்டு. மாசி என்றால் சூரியன் கும்பத்தில் இருக்க வேண்டும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. ஆக அதே கட்டம், அல்லது ஒட்டிய கட்டம். சுக்கிரன் 48 பாகை தாண்டாது. ஆக இரண்டு கட்டத்துக்குள். கேது ராகுவுக்கு நேர் ஏழில். இதில் ஒன்று பிசகினாலும் அந்தத் தாளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இந்தத் தாள் எல்லாவற்றிலும் தேறுகிறது. யாரோ பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கட்டம் இது.

இதே சோதனையில் தோற்பது மந்திரவாதியின் வசனம். ‘ஆடி அமாவாசையில் ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தவள்’ என்று அவர் அடித்துச் சொல்ல, வேலைக்காரப் பெண்தான் அது என்று ஒரு வாசகர் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். ஆடியில் சூரியன் கடகத்தில் இருக்கும். அமாவாசை என்றால் சந்திரனும் அதை ஒட்டி இருக்க வேண்டும். பூசம், ஆயில்யம் மாதிரி அந்த வட்டாரத்து நட்சத்திரம் வரலாமே தவிர, ரிஷபத்து ரோகிணி வரவே வராது. மந்திரவாதி பொய் சொல்கிறார், அல்லது அந்த வாரம் வசனத்தை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் அதன்மேல் கட்டடம் கட்ட முடியாது.

சரி, 1936-ல் பிறந்தவள் யார்? முதல் தாரம் என்று எல்லோரும் சொல்வதற்கு ஆதாரம், ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) தொங்கும் 1962 என்று எழுதிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். இளவயதுப் பெரியவர் தலைப்பாகையோடு நிற்கிறார். பக்கத்தில் பட்டு உடுத்திய பெண், நடுவில் கூறைச் சேலை. ஜோடியாக நின்றால் புருஷன் பெண்டாட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொங்குக் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இது இணைச்சீர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மாப்பிள்ளைக்கு நடக்கும் அந்தச் சீரில் அவன் பக்கத்தில் நிற்பவள் உடன்பிறந்தவள். உடன்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். படத்தில் மாலை மாற்றிக்கொண்ட அடையாளம் இல்லை. கல்யாணப் பெண் இன்னும் பக்கத்தில் வரவில்லை. சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கிறார். முகூர்த்தப் படமாக இருந்தால் இந்த அமைப்பு வராது. பெரியவருக்கு ஒரே ஒரு அக்கா, வேறு உடன்பிறந்தார் இல்லை என்று ஆரம்ப வாரத்திலேயே பால்காரர் வாயில் ஒரு வசனம் வருகிறது. கிணற்றில் செத்தவள் அந்த அக்கா. முதல் தாரம் என்று ஒருத்தி இந்தக் கதையிலேயே இல்லை.

இணைச்சீரில், பின்னாளில் என் பிள்ளைக்கும் உன் பிள்ளைக்கும் சம்பந்தம் தொடர வேண்டும் என்ற உறுதி இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அக்காளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது மறைக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். பிள்ளையை ஒளித்து வளர்க்கும் கதை கொங்குக்குப் புதிதும் அல்ல. உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையிலேயே பொன்னரும் சங்கரும் பிறந்தவுடன் ஒளித்து வேறிடத்தில் வளர்க்கப்படுகிறார்கள். பங்காளிகளின் மண்ணாசைதான் அங்கே காரணம். பேய் பிசாசு அல்ல. இந்தத் தொடரிலும் அமராவதிக் கரை வயல்தான் காரணமாக இருக்க வேண்டும். 1956 ஜூன் 17-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான வாரிசுரிமை உண்டு. அந்த மகள் அப்பனுக்கு முன்னே செத்திருந்தால் அவள் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள்தான். பூர்வீகக் கூட்டுச் சொத்து என்றாலும் தாத்தாவின் பாகம் அளவுக்கு அந்தக் குழந்தை கை நீட்ட முடியும். குழந்தையே இல்லை என்று ஆக்கிவிட்டால் வயல் முழுசாகத் தங்கும்.

இனி முறைக்கு வரலாம். ஊகம் எழுதுகிற யாரும் இதைத் தொடவில்லை, ஆனால் கதையின் உயிர்நாடி இதுதான். பெரியவரின் மகன் நாயகனின் அப்பா. அக்காளின் மறைக்கப்பட்ட பிள்ளை நாயகிக்கு அப்பாவா, அம்மாவா? வயதுக் கணக்கு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. 1962-ஐ ஒட்டிப் பிறந்தவருக்கு முப்பதை ஒட்டிய மகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளை ஆண் என்றால் நாயகனின் அப்பாவுக்கு அவர் மச்சான். மச்சான் மகள் மருமகளாக வரும் முறை. கல்யாணத்துக்குத் தடையே இல்லை. பெண் என்றால் கதை தலைகீழ். அத்தை மகளான அவள் நாயகனின் அப்பாவுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. கட்டும் முறையில் உள்ளவள் பெற்ற மகள் அவருக்கு மகள் முறை. அப்படியானால் நாயகனும் நாயகியும் ஒரு வயிற்றில் பிறக்காமலே அண்ணன் தங்கை முறை ஆகிவிடுகிறார்கள். மூன்றாவது ஊகம் வேறு உருவம் எடுக்கும் என்றது இதனால்தான். ஆஸ்பத்திரி, குழந்தை மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. இருவருக்கும் நாலு வயது வித்தியாசம் இருக்க, ஒரே வார்டில் எப்படி மாற்றுவது?

கூட்டம், அதாவது குலப்பிரிவு, பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியாது. கூட்டம் அப்பன் வழி வருவது. அக்காள் வாக்கப்பட்ட வீட்டுக் கூட்டம் வேறு; அவள் மகள் போன வீட்டுக் கூட்டம் அதற்கும் வேறு. நாயகி சொல்லும் கூட்டமும் நாயகன் கூட்டமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணக் காட்சியில் இரண்டு பக்கமும் கூட்டம் சொல்லி, ஒரு சிக்கலும் இல்லாமல் பந்தல் கலகலப்பாக இருக்கிறது. அந்த நேரத்தில், கூறைச் சேலைத் தட்டு உள்ளே வரும்போது, பெரியவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் நடக்கிறார். மகன் மேல் கோபம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முறை தப்புகிறது என்று தெரிந்தும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் அவர் ஒருவர்தான். பேய் கல்யாணத்தைத் தடுப்பதற்கும் இதே காரணம் போதும். ஆகவே மறைக்கப்பட்டது பெண் பிள்ளை, அவள்தான் நாயகியின் அம்மா என்பது என் கணிப்பு.

ஆய்வகக் காட்சியும் இதற்கு ஒத்து வருகிறது, ஆனால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிணற்றடிச் சீப்பில் சிக்கிய முடியும் நாயகியின் முடியும் ஒத்துப்போவதாக டாக்டர் சொல்கிறார். வேர் இல்லாமல் உதிர்ந்த பழைய முடியில் பொதுவாகக் கிடைப்பது தாய்வழி டிஎன்ஏ. அதைத் தாய்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். தகப்பன் வழி இறங்காது. மறைக்கப்பட்டது ஆண் பிள்ளையாக இருந்தால் நாயகியோடு அது ஒத்துப்போக வழியில்லை. அதே சமயம், ஒத்துப்போனதாலேயே அக்காளின் பேத்தி என்று நிரூபணமும் ஆகாது. அக்காளுக்கு ஒரு தங்கை இருந்து, அந்தத் தங்கையின் மகள் வழி வந்தவளானாலும் இதே முடிவுதான் வரும். பால்காரர் வசனம் இங்கேதான் உதவுகிறது.

ரத்த வகை ஊகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்பா ஏபி, நாயகன் ஓ, ஆகவே மகன் இல்லை என்று எழுதியவர் சட்டென்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பொது விதி சரிதான். ஏபி வகையாருக்கு ஓ பிள்ளை பிறக்காது. ஆனால் 1952-ல் மும்பையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பாம்பே வகை என்று ஒன்று உண்டு. வழக்கமான சோதனையில் அது ஓ மாதிரியே காட்டும். உள்ளே ஏ-யோ பி-யோ ஒளிந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ‘இந்த ரத்தம் எங்கேயும் கிடைக்கவில்லை’ என்று நர்ஸ் ஓடும் காட்சியை எதற்கு வைத்தார்கள்? சாதாரண ஓ என்றால் அந்த ஓட்டம் தேவையில்லை.

இன்னும் திறக்காத இரும்புப் பெட்டியில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது என்கிறார்கள். பதிவான பத்திரத்தைப் பூட்டி ஒளித்து என்ன பயன்? சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் நகல் வந்துவிடும். ஒளிக்கத் தகுந்தது வேறெங்கும் நகல் இல்லாத காகிதம் மட்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருந்தால் போதும். பெரியவரின் அப்பா அக்காளுக்கு எழுதிய பதிவாகாத உயில், இல்லையென்றால் குழந்தைக்குப் பங்கு குறித்த கூர்ச்சீட்டு, இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். உயில் என்றால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது தொடரில் உயிரோடு உலவுகிறாரா என்று தேடுவது நல்லது. சாளையில் (தோட்டத்துக் குடிசையில்) படுத்தே கிடக்கும் கிழவருக்கு இதுவரை ஒரு வசனமும் கொடுக்கவில்லை. சம்பளம் கொடுத்து ஒருவரைச் சும்மா படுக்க வைக்க மாட்டார்கள்.

கனவுக் காட்சிகளை வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டி எல்லோருக்கும் தெரிந்தது. பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொன்னார் என்றால்கூட, கோயிலில் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு வந்த பிறகுதான் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். ஆண்டவர் கனவுக்கே அந்தச் சோதனை என்றால், ரேட்டிங்குக்காக வைக்கும் கனவை அப்படியே நம்பலாமா? நோட்டில் எழுதும்போது நாலாகப் பிரித்து எழுதுங்கள்: கேமரா நேராகக் காட்டியது, ஒருவர் வாயால் சொன்னது, ஒருவர் நினைவில் வந்தது, கனவும் பேயும். முதல் வகையில் குறைந்தது இரண்டு ஆதாரம் இல்லாத ஊகம் நிற்காது.

முதல் வகையிலும் ஏமாற இடமுண்டு. நாயகன் கல்யாண இணைச்சீருக்குச் சொந்தத் தங்கை நிற்காமல் பங்காளி வீட்டுப் பெண் நின்றதைப் பிடித்துக்கொண்டு, தங்கை அந்த வீட்டுப் பெண்ணே இல்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நல்ல கண். ஆனால் அந்தத் தங்கை கல்யாணக் காட்சிகள் எதிலுமே இல்லை. கொஞ்ச நாளில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை வந்துவிட்டது. நடிகை கால்ஷீட் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் அதே பந்தலில் அதே சேலையில் வேறு காட்சியில் இருந்துகொண்டே ஒரு சீருக்கு மட்டும் நிற்காமல் போனால்தான் அது துப்பு. ப்ரோமோவையும் நம்ப வேண்டாம். காட்சிகளை முன்பின் மாற்றி ஒட்டுவதுதான் அவர்கள் வேலை. வாராவாரம் வியாழக்கிழமை வரும் ரேட்டிங்கைப் பார்த்துக் கதையைத் திருப்புவதும் நடக்கும். சரியான ஊகம் கடைசியில் பொய்த்துப்போக அதுவும் காரணமாகலாம்.

மொட்டைக் காட்சிகளைப் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். முதல் மொட்டை அப்பன் வீட்டுக் குலதெய்வத்துக்கு. பழனி மொட்டை வேண்டுதலுக்கு. பழனிப் படத்தைக் காட்டி அப்பன் யார் என்று கணக்குப் போட முடியாது. காதுகுத்து அப்படியில்லை. அது தாய்மாமன் மடியில்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊகத்தைப் பிரசுரிக்கும்போது எந்தத் தேதி ஒளிபரப்பானது, எந்தக் காட்சி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். படிப்பவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நாயகியின் அம்மாவுக்குச் சிறுவயதில் காது குத்தும் நினைவுக் காட்சியில் குழந்தையை மடியில் வைத்திருப்பவரின் முகம் காட்டப்படவில்லை, இடது கை மட்டும் வருகிறது. பெரியவர் கரும்பு ஆலையில் இடது சுண்டுவிரலில் பாதியை இழந்தவர். அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்து, மடியில் இருக்கும் கையில் சுண்டுவிரல் முழுசா பாதியா என்று உங்கள் வாசகர் யாராவது அடுத்த ஞாயிறு இணைப்புக்கு எழுதி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராபுரம்.